எடைக்குப் போன காசுகள்

பாத்திரக்கடை வீட்டில் பிறந்தவனுக்கு உலோகம் என்றால் முதலில் எடை. உருவம், வேலைப்பாடு, வயது எல்லாம் அதற்கப்புறம். கரூர் ஜவஹர் பஜாரை ஒட்டிய சந்தில் அப்பாவின் கடை இருந்தது. முன்பக்கம் புதுப் பாத்திரம், பின்கட்டில் பழையது. ஈயம் போன அண்டா, நசுங்கிய சொம்பு, தண்டு முறிந்த குத்துவிளக்கு, காது இழந்த தவலை. செம்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை, வெண்கலத்துக்கு ஒரு விலை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையை வைத்தே எது எதுவென்று அப்பா பிரித்துவிடுவார். சாக்கில் கொட்டி வரும் பழைய சாமானுக்கு அடியில் அநேகமாக எப்போதும் கொஞ்சம் காசு கிடக்கும். பச்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மண்ணோடு. அதையும் செம்போடு சேர்த்துத் தராசில் போடுவார். மண்ணுக்கு எவ்வளவு கழிப்பது என்பதில்தான் பேரம். காசில் இருப்பது யார் முகம் என்பது பேச்சிலேயே வராது.

காசு வந்தது ஆற்றிலிருந்து. அமராவதி என்று நாம் சொல்லும் ஆறு சங்கப் பாட்டில் ஆன்பொருநை. மழைக்காலத்து வெள்ளம் வடிந்து, ஆறு இரண்டு மூன்று ஓடையாகப் பிரிந்து ஓடத் தொடங்கும்போது மண் அரிக்கிறவர்கள் குடும்பத்தோடு இறங்குவார்கள். சல்லடையும் மரத்தட்டும்தான் கருவி. அவர்கள் தேடியது காசு அல்ல, பொன். தேய்ந்து உதிர்ந்த மூக்குத்திச் சுரை, அறுந்த சங்கிலிக் கண்ணி, பொடிப்பொடியாகத் தங்கம். காசு அதோடு வந்து சேர்வது, செம்பு விலைக்குப் போவது.

எந்த இடத்தில் அரிப்பது என்பதில் அவர்களுக்கு இருந்த கணக்கு, நான் பிற்பாடு கல்லூரியில் படித்த அடர்த்திப் பாடத்தைவிடத் துல்லியமானது. கனமான பொருள் ஓட்டத்தோடு வெகுதூரம் போகாது. ஆறு வளைகிற இடத்தின் உட்கரை, பாறைக்குப் பின்புறம், மணல் முடிந்து களிமண் தொடங்குகிற மட்டம், வேகம் குறைகிற இந்த இடங்களில்தான் தங்கமும் ஈயமும் செம்பும் உட்காரும். மேல்மணலை ஒதுக்கி, களிப்படுகையை விரலால் வழித்துத் தட்டில் போட்டுச் சுழற்றுவார்கள். மண் வெளியே போகும், கறுப்பு மணல் நிற்கும், அதற்கு நடுவில் ஏதோ ஒன்று தட்டின் விளிம்பில் உரசிக்கொண்டு சுற்றும்.

அப்படிக் கொண்டுவந்த ஒருவர் கடையில் நின்று, “மொதலாளி, இதுல பொம்மை தெரியுதுங்க, பாருங்க” என்று ஒரு காசை நீட்டினார். அப்பா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “பொம்மை தெரிஞ்சா என்னப்பா, எடை கூடுமா?” என்றார். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் கரூரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் யாரிடமும் இல்லை.

பதில் பிற்பாடு வந்தது. சதுரமான சிறிய செம்புக் காசுகள், ஒருபக்கம் யானையோ குதிரையோ, மறுபக்கம் சேரனுக்கு வில்லும் அம்பும், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கோட்டு மீன். இவற்றைச் சங்க காலத்தவை என்று அடையாளம் கண்டு வரிசைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அவர் வெளிக்கொண்டுவந்தபோது, சங்க கால மன்னர்கள் சொந்தமாக எழுத்துப் பொறித்த காசு வெளியிட்டார்களா என்ற பழைய சந்தேகம் அடங்கியது. கரூர் ஆறு அதற்கு மேலும் கொடுத்தது. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள், பெயரோடு ஒரு மனிதத் தலையும். ரோமானியக் காசைப் பார்த்துப் பழகிய கை செய்த வேலை என்று பார்த்தவுடன் தெரியும். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்பவர் புறநானூற்றில் தம் மனைவி இறந்த துயரைப் பாடியவர். காசில் இருப்பவர் அவரேதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாட்டில் மட்டும் இருந்த ஒரு பெயர் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு வெள்ளியாகக் கிடைத்தது ஆற்று மண்ணை அரித்தவர்களால்தான்.

எங்கள் கடைத் தராசில் எத்தனை மாக்கோதை ஏறி இறங்கினாரோ. வெள்ளி என்பதால் தப்பித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சதுரச் செம்புகள் தப்பியிருக்காது. அவை உருகி, எந்த வீட்டுக் கல்யாணச் சீரிலோ குடமாகப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு காசுகளுக்கு வேறு விதி. அமுச்சி, எங்கள் பாட்டி, அவர் கையில் செம்பு எதுவும் பச்சையாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கும் பூசைச் சொம்பும் புளியும் சாம்பலும் போட்டு விளக்குகிறவர். “ஏங் கண்ணு, இந்தக் களிம்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சாப் பளபளன்னு ஆயிரும்” என்பார். ஆகிவிடும். புளியைக் கரைத்து ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் பச்சை கரைந்து ஓடும், உள்ளேயிருந்து ரோஜா நிறத்தில் செம்பு வரும். வழவழவென்று, எழுத்தும் உருவமும் எதுவுமில்லாத ஒரு செம்புத் துண்டு. அதைச் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவார்.

இதில் நடப்பது என்ன என்று வேதியியல் ஆசிரியனாகப் பல ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது செம்பின் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைக்கும். அண்டாவுக்கு நல்லது, ஏனென்றால் அண்டாவின் களிம்பு மேலே படிந்த மெல்லிய அழுக்குதான். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசின் கதை அது அல்ல. அங்கே செம்பு மெல்ல மெல்ல உப்பாக மாறி வெளிநோக்கி வளர்கிறது. அடியில் செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு, மேலே பச்சை அடுக்கு. அக்கசாலையில் அச்சுக் குத்தியபோது இருந்த அந்த மேற்பரப்பு இப்போது உலோகத்தில் இல்லை, இந்த அடுக்குகளுக்கு இடையில்தான் தங்கியிருக்கிறது. எழுத்தைத் தாங்கி நிற்பதே களிம்பு. அதைக் கரைத்தால் எழுத்தைக் கரைத்ததாகும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரும்பச்சையாக, கெட்டியாக, மெழுகு போட்டாற்போல் இருந்தால் அது காசுக்குக் காவல். வெளிறிய பச்சையில், ஊதினால் பறக்கிற மாவாக, புள்ளிப்புள்ளியாகக் கிளம்பினால் அது நோய். மண்ணிலோ கடலிலோ ஏறிய குளோரைடு உப்பு உள்ளே தங்கி, காற்றின் ஈரம் பட்டவுடன் வேலையைத் தொடங்குகிறது. அமிலம் உண்டாகிறது, அது புதுச் செம்பைத் தின்கிறது, மறுபடி அமிலம். விட்டால் காசு முழுவதும் மாவாகிவிடும். செப்புத் திருமேனிகளுக்கும் இதே வியாதி வரும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டபோது, ச. பரமசிவன் அங்கே எடுத்துக்கொண்ட பெரிய வேலைகளில் ஒன்று, அப்படி நோய் பிடித்த வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் தேற்றுவது. அந்த ஆய்வகத்தைப் பற்றித் தமிழில் யாரும் நிறைவாக எழுதாதது எனக்குக் குறைதான். நடராஜரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நடராஜர் உதிராமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை.

எங்கோ போய்விட்டேன். இங்கிலாந்து பற்றிச் சொல்ல நினைத்தேன்.

கல்லூரித் தோழன் ஒருவன் எசெக்ஸ் பக்கம் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அவன் பிடித்துக்கொண்ட பித்து மெட்டல் டிடெக்டர். நமக்கு மெட்டல் டிடெக்டர் என்றால் மீனாட்சி கோயில் வாசலும் தலைவர்களின் கூட்டமும். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அறுவடை முடிந்து கோதுமைத் தாள் நின்ற வயலில் அவனோடு நடந்தேன். ஒரு கம்பு, அதன் அடியில் தட்டையான வளையம், காதில் ஹெட்போன். வளையத்தைத் தரையை ஒட்டி, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போக வேண்டும். நிமிர்த்தினாலும் வேகம் கூடினாலும் கோட்டை விட்டுவிடும். என் முதுகு ஒரு மணி நேரத்தில் கெஞ்சியது.

கருவியின் தத்துவம் எளிது. வளையத்தில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகம் குறுக்கிட்டால் அதில் சிறு சுழல்மின்னோட்டம் எழுந்து, தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வருவதில் இருக்கும் காலப் பிசகை வைத்து இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகித்து ஒலி எழுப்பும். வெள்ளிக்குக் கணீரென்ற ஒலி, இரும்புக்கு உறுமல். தங்கத்தில்தான் ஏமாற்று. மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டப்பாவைத் திறக்கிற அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். தங்கம் வேண்டுமானால் குப்பையைக் குனிந்து பொறுக்கத்தான் வேண்டும். அமராவதியில் மண் அரித்தவர்களுக்கும் அதே விதிதான்.

இந்தக் கருவி பிறந்தது காசு தேட அல்ல. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு, உடம்பில் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்கள் திண்டாடியபோது, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் மின்காந்தத் தூண்டலால் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றோடு வந்தார். கட்டில் மெத்தையின் இரும்புச் சுருள்கள் குழப்பின. குண்டு இருக்கும் என்று மருத்துவர் நம்பிய பக்கத்தை மட்டுமே தேட விட்டார்கள், குண்டு அங்கே இல்லை. செப்டம்பரில் அதிபர் இறந்தார். பிறகு இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனில் இருந்த போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் படைகளுக்கு வழி திறந்தது. போர் முடிந்த பின் அந்த நுட்பம் வயல்வெளிக்கு வந்தது.

அன்றைக்குத் தோழனுக்குக் கிடைத்தவை: தோட்டாவின் பித்தளை அடி, பொத்தான்கள், ஜார்ஜ் மன்னர் தலையோடு ஒரு பென்னி, கடைசியில் நகக்கண் அளவில் அரைவட்டமாக ஒரு வெள்ளித் துண்டு. இடைக்காலத்துப் பென்னி. சில்லறை இல்லாத காலத்தில் பென்னியின் பின்புறச் சிலுவைக் கோட்டின் வழியே வெட்டி அரையாகவும் காலாகவும் புழங்குவார்களாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை அவன் கையாண்ட விதத்தை. மண்ணைத் துடைக்கவில்லை. ஒட்டியிருக்கும் மணல் பருக்கை விரலழுத்தத்தில் வெள்ளியைக் கீறிவிடும் என்றான். விளிம்பில் பிடித்து அப்படியே சிறு பையில் போட்டு, கைபேசியில் அந்த இடத்தின் வரைபட எண்ணைக் குறித்துக்கொண்டான். இந்த மாதிரிக் கண்டெடுப்புகளைப் பதிவு செய்வதற்கென்றே அங்கே வட்டாரம்தோறும் ஓர் அலுவலர் உண்டு. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் அந்தத் திட்டத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பார்த்து, எழுதி, படமெடுத்துவிட்டுப் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அவன் சொன்ன ஹாக்ஸ்ன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்ன் ஊரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தேடிக் கொடுக்க டிடெக்டரோடு வந்தவர் எரிக் லாஸ். கிடைத்தது ஏறக்குறைய 15,000 ரோமானியத் தங்க, வெள்ளிக் காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தி, தகவல் சொல்லிவிட்டார். தொல்லியலாளர் வந்து மீதியைக் கிடந்த நிலையிலேயே எடுத்ததால், மரப்பெட்டிக்குள் எது எதன்மேல் அடுக்கியிருந்தது என்பதுவரை தெரிந்தது. பதினேழரை லட்சம் பவுண்டு வெகுமதி, அதில் விவசாயிக்கும் பங்கு. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது அருங்காட்சியகத்தில்.

2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே டேவ் கிறிஸ்ப் கண்டதும் இப்படித்தான். ஒரு பானை, அதில் 52,503 காசுகள். அவரும் தோண்டுவதை நிறுத்தினார். அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தபோது, காலத்தால் பிந்திய, கராசியஸ் என்ற அரசனின் காசுகளில் பெரும்பாலானவை மேல்மட்டத்தில் இல்லை, ஆழத்தில் கிடந்தன. ஆண்டுதோறும் சேர்த்துப் போட்ட உண்டியலாக இருந்தால் புதியவை மேலே இருக்க வேண்டும். ஆகவே இது ஒரே தடவையில் கொட்டிய பானை, தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாகக்கூட இருக்கலாம் என்ற பேச்சு வந்தது. இந்த முழு விவாதத்துக்கும் ஆதாரம் எந்தக் காசிலும் எழுதியிருக்கவில்லை. காசு கிடந்த கிடையில் இருந்தது.

அங்கே எல்லாரும் உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். 2015இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையலைத் தோண்டி எடுத்து, சொல்லாமல் விற்கப் பார்த்த இருவர் 2019இல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகளில் முப்பது சொச்சம்தான் மீண்டது.

ஹாக்ஸ்ன் காசுகளில் இருந்த பேரரசர் பெயர்களைத் தோழன் படித்துக் காட்டியபோது எனக்கு அமராவதி ஞாபகம் வந்தது. ஹானோரியஸ், ஆர்கேடியஸ். கரூரிலும் மதுரை வைகையிலும் குவியல் குவியலாகக் கிடைத்த பொடிச் செம்புக் காசுகள் இதே அரசர்களுடையவை. கிருஷ்ணமூர்த்தி அவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். எங்கள் சாக்கின் அடியில் சுண்டுவிரல் நகம் போல் கிடந்தவையும், சல்லடைக் கண்ணில் நழுவிப்போனவையும் அவைதான். அதற்கும் முந்தைய காலத்து ரோமானிய வெள்ளி கொங்கு நாட்டில் இன்னும் அதிகம். 1842இல் கோவை வெள்ளலூரில் ஐநூறுக்கு மேற்பட்ட டெனாரியஸ் காசுகள் கிடைத்தன, அநேகமாக எல்லாம் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பேரரசர் நீரோ கி.பி. 64ஆம் ஆண்டில் வெள்ளியின் மாற்றைக் குறைத்த பிறகும் நம் வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியைத்தான் கேட்டு வாங்கினார்கள் போலிருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. இது இனிமேல் பணமல்ல, பொன் மட்டும்தான் என்று அறிவிக்கிற வெட்டு என்கிறார்கள். அப்பாவின் தராசும் அதைத்தான் செய்தது.

தோழன் விடைபெறும்போது ஒரு காசு கொடுத்தான். வயலில் எடுத்தது அல்ல, சந்தையில் வாங்கியது. பெரிய செம்புக் காசு, 1808, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கச் சின்னம், பின்பக்கம் பாரசீக எழுத்து. பார்த்தவுடன் தெரிந்தது, சென்னை மாகாணத்து இருபது காசு. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் அச்சாகி, ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பலில் டன் கணக்கில் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் கப்பல் முழுகியது. 1980களில் மூழ்குவோர் எடுத்த காசுகள் பத்து லட்சம் அளவுக்கு. அதனால்தான் நம் ஊர்க் காசு இன்றும் இங்கிலாந்துச் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கிறது. ஒருவர் கையும் படாமல் கடலடியில் கிடந்ததால் சிங்கத்தின் பிடரி மயிர்கூடக் கூர்மையாக இருந்தது. ஊருக்கு வந்து சேர்ந்த அதன் கூடப்பிறந்தவை வேறு. கடையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், சந்தைக்கும் மடிச்சுருக்குப் பைக்கும் அலைந்து இருபுறமும் மழுங்கிப்போனவை. எனக்கு அந்த மழுங்கியதுதான் மதிப்பு. அது வேலை செய்த காசு.

இந்தக் கம்பெனிக் காசின் பெயரைச் சொல்லித்தான் எத்தனை மோசடி. 1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்த பித்தளைக் காசுகளைக் கோடி ரூபாய் பெறும் என்று கொண்டுவருவார்கள். கம்பெனி அப்படி எதையும் அச்சடிக்கவில்லை. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று கேட்டு வந்தவர்களை அப்பா ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைப்பார். ஆற்றில் இருந்து வந்த அசல் எடைக்குப் போய்க்கொண்டிருந்த அதே கடையில், போலிக்கு லட்சம் கோடி என்று பேச்சு நடந்தது.

சட்டத்தைப் பார்த்தால் அப்பாவின் தராசு அங்கேயும் தொங்குகிறது. நம்மிடம் இன்னும் இருப்பது 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கொண்டாட யாரும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு தானே வைத்துக்கொள்ள நினைத்தால் கொடுக்க வேண்டிய விலை, உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும். சதுரச் செம்புக் காசு ஒன்றுக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? எங்கள் கடை விலையைவிட இருபது விழுக்காடு கூட. இதை வாங்கிக்கொள்ளக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, போலீசுக்கும் பதில் சொல்ல வேண்டுமென்றால் எந்த ஏழை சொல்வான்? உருக்குகிறான், அல்லது தரகரிடம் கொடுக்கிறான். இங்கிலாந்திலும் 1996இல் சட்டம் எழுதினார்கள், சந்தை விலையைக் கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் கொடுக்கிறார்கள். மனிதர்கள் அங்கே நல்லவர்களாகப் பிறந்துவிடவில்லை. சொல்வது லாபமாக இருக்கிறது, சொல்கிறார்கள்.

அதற்காக நம் ஊரில் ஆளுக்கொரு டிடெக்டர் தூக்கிக்கொண்டு கிளம்புவதை நான் ஆதரிக்கவில்லை. உழுத வயலின் மேல்மண் ஏற்கெனவே கலைந்தது, அங்கே எடுப்பதில் இழப்பு குறைவு. பழைய ஊர்கள் புதைந்த நம் மேடுகள் அப்படியல்ல. ஒவ்வொரு சாண் ஆழமும் ஒரு தலைமுறை. அதில் ஒரு குழி போட்டுக் காசை மட்டும் பிடுங்குவது, புத்தகத்தில் படத்தை மட்டும் கிழித்துக்கொள்கிற வேலை. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது குற்றமும்கூட. ஆற்று மணல் வேறு, அங்கே வெள்ளமே எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அதனால்தான் மண் அரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பிற்பாடு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சேகரிப்பாளர்கள் கரூருக்கு வரத் தொடங்கி, ஒரு காசுக்கு இவ்வளவு என்று கொடுத்தபோது கடைக்குக் காசு வருவது நின்றது. உருக்குக்குப் போகாமல் தப்பியது என்பது நன்மை. எந்தத் துறையில், எதனோடு கிடைத்தது என்பதை யாரும் எழுதி வைக்காமல் சிதறியது என்பது நஷ்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நன்மையே ஒரு பிடி கூடத் தெரிகிறது.

பணியில் இருந்தபோது, யாராவது கொண்டுவந்து கொடுத்தால் காசு சுத்தம் செய்து தருவேன். சுத்தம் என்பது பெரிய சொல். காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பேன், நீரை மாற்றுவேன், மறுபடி மாற்றுவேன். மாற்றி எடுத்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால் போல் கலங்கும். குளோரைடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கலங்குவது நிற்கும்வரை மாற்ற வேண்டும், மாதங்கள் ஆனாலும். பிறகு நன்றாக உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, கூராக்கிய மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெம்பி எடுப்பது. கருவேல முள்ளும் நல்ல கருவி, உலோக ஊசியைப் போல் கீறாது. எழுத்தின் பள்ளத்தில் மண் விட்டுக் கொடுக்கவில்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுவேன். மண் இருந்தால் எழுத்து உள்ளே இருக்கிறது, நாளை நம்மைவிடக் கெட்டிக்காரர் யாராவது ஊடுகதிர் வைத்துப் படித்துக்கொள்வார். மாணவர்களுக்குப் பிடித்தது மின்பகுப்பு. சலவைச் சோடாக் கரைசலில் காசை எதிர்முனையில் தொங்கவிட்டால் குமிழி குமிழியாக அழுக்கு உரிந்து வரும். பார்க்க வேடிக்கை. பழங்காசுக்கு வீட்டில் அதைச் செய்வது, புளியைவிட வேகமாக அதே நாசத்தைச் செய்வது. கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் முகம் வாடித்தான் போவார்கள். “என்னங்க சார், அப்படியே பச்சையாவே இருக்குது” என்பார்கள். அமுச்சியின் வெள்ளிக்கிழமைக் கண் அவர்களிடமும் இருந்தது. பளபளப்பாக இல்லாதது சுத்தமாக இல்லை என்கிற கண்.

அமராவதியில் இப்போது அரிப்பதற்கு மணல் இல்லை. அள்ளியது போக மிச்சம் களியும் சீமைக்கருவேலமும்தான். சாயப்பட்டறைக் கழிவு ஓடிய காலத்தில் அந்தக் களியில் கிடந்த செம்புகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. மண் அரித்தவர்களின் பிள்ளைகள் கொசுவலைத் தறிக்கும் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கும் போய்விட்டார்கள். அது அவர்களுக்கு நல்லது.

ஆனால் காசு ஆற்றில் மட்டும் கிடைப்பதில்லை. கிணறு வெட்டும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது, பழைய வீட்டுச் சுவர் இடிக்கும்போது இன்றைக்கும் யாருக்காவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தால் புளி, எலுமிச்சை, பல்பொடி, வினிகர் எதுவும் வேண்டாம். பானையில் இருந்தால் பானையைக் கவிழ்க்காதீர்கள், மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்துங்கள். கிடந்த கிடையிலேயே கைபேசியில் படம் எடுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடோ எலும்போ வேறு என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாசில்தாரிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் கொடுங்கள், மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் ஒரு பிரதி. காசுகளை எண்ணி, படத்தோடு ஒப்பிட்டு, எத்தனை என்று எழுதிய ரசீது கேளுங்கள். எடை போட்டு எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.